ரெண்டு ரூபாய் வாசகர்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் நிலத்தடி நீர் பற்றிய கட்டுரை ஒன்றின் லிங்கைப் போட்டார். திறந்தால் நாலு வரி தெரிகிறது. ஐந்தாவது வரி மங்கலாகி, சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் பொங்கிவிட்டார். "இவனுங்க உருப்படவே மாட்டானுங்க சார். ஒரு கட்டுரைக்கு ரெண்டு ரூபா வைக்கட்டும், இந்த நிமிஷமே ஜிபே பண்றேன். எனக்கு வேணுங்கறது ஒரு கட்டுரை. அதுக்கு எதுக்கு வருஷ சந்தா?" கைதட்டல் பொம்மைகள் வரிசைகட்டின. அரை மணி நேரத்தில் ஒரு புண்ணியவான் கட்டுரை முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுவிட்டார். மேலாளர் கும்பிடு பொம்மை போட்டு நன்றி சொன்னார். ரெண்டு ரூபாய்ப் பேச்சு அத்தோடு சரி.

இந்த ரெண்டு ரூபாய் வாசகரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் இருப்பார், ஐடி கம்பெனி கேன்டீனில் இருப்பார், சமயத்தில் இதழியல் கருத்தரங்க மேடையிலேயே மாலை மரியாதையோடு உட்கார்ந்திருப்பார். எல்லா இடத்திலும் வாதம் ஒன்றுதான். முழுப் பேப்பரை என் தலையில் கட்டாதே, எனக்கு வேண்டிய கட்டுரையை மட்டும் சில்லறையில் விற்றுப் பார், ஊரே வரிசையில் நிற்கும்; பத்திரிகைக்காரனுக்கு இந்தச் சின்ன விஷயம் புரியாததால்தான் பத்திரிகைகள் நொடித்துப் போகின்றன. கேட்பவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஒருவராவது, "அப்படி யாராவது விற்றுப் பார்த்தார்களா?" என்று கேட்பதில்லை.

விற்றுப் பார்த்தாயிற்று ஐயா. எப்போதோ விற்றுப் பார்த்தாயிற்று.

நெதர்லாந்தில் பிளென்டில் என்று ஒரு நிறுவனம். அலெக்சாண்டர் க்ளோப்பிங், மார்டன் பிளாங்கஸ்டைன் என்ற இரண்டு இளைஞர்கள் ஆரம்பித்தது. 2014 ஏப்ரலில் கடை திறந்தார்கள். நாட்டின் முக்கிய நாளிதழ்களும் வார இதழ்களும் ஒரே இடத்தில். எது வேண்டுமோ அந்தக் கட்டுரையை மட்டும் சில சென்ட் காசுக்கு வாங்கிப் படிக்கலாம். பத்திரிகைக்கு ஒரு கணக்கு, கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு என்ற இம்சை கிடையாது. ஒரு முறை பணம் போட்டு வைத்தால் படிக்கப் படிக்கக் கழிந்துகொள்ளும். புதிதாகச் சேர்பவருக்கு இரண்டரை யூரோ இனாம். படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையா, ஒரு பட்டனைத் தட்டினால் காசு வாபஸ். நம் வங்கி மேலாளர் கனவில்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.

அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸும் ஜெர்மனியின் ஆக்செல் ஸ்பிரிங்கர் நிறுவனமும் சேர்ந்து அதில் 30 லட்சம் யூரோ போட்டன. 2015ல் பிளென்டில் ஜெர்மனிக்குப் போனது. 2016ல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே நியூயார்க் டைம்ஸ், வால் ஸ்ட்ரீட் ஜர்னல், வாஷிங்டன் போஸ்ட், எகானமிஸ்ட் எல்லாம் சரக்கு கொடுத்தன. பதிவு செய்துகொண்டவர்கள் 10 லட்சத்தைத் தொட்டார்கள். உலகப் பத்திரிகை மாநாடுகளில் எல்லாம் இதே பேச்சு. பத்திரிகைத் தொழிலைக் காப்பாற்ற வந்த ரட்சகன் என்றார்கள்.

அப்புறம்? 2019ல், கட்டுரைக்குக் காசு என்ற வியாபாரத்தைக் கைவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறுவதாக பிளென்டிலே அறிவித்தது. 2020ல் பிரான்ஸின் கஃபேன் என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. கஃபேனுக்கு என்ன தொழில்? மாதம் ஒரு தொகை கட்டினால் நூற்றுக்கணக்கான இதழ்களை மொத்தமாகப் படிக்கலாம், அதுதான் தொழில். துண்டாக விற்க வந்தவரை மொத்தமாக விற்பவர் வாங்கிப் போட்டார்.

பிளென்டிலை நான் திரும்பத் திரும்ப இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. காசுள்ள நாடு, எல்லோருக்கும் இணையம், பத்திரிகை படிக்கும் பழக்கம், கூடவே நின்ற பத்திரிகை முதலாளிகள், காசைத் திருப்பித் தரும் தாராளம் என இந்த யோசனை ஜெயிப்பதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே இருந்தது. ரெண்டு ரூபாய் வாசகர் மட்டும்தான் வரவில்லை. டச்சுக்காரன் கொடுக்காத சில்லறையை நம் குடியிருப்பு சி பிளாக்கில் கொடுத்துவிடுவார்களாம்.

இங்கே உடனே ஒரு உள்ளூர்ச் சாட்சியைக் கூட்டி வருவார்கள். ஷாம்பூ பாக்கெட். கடலூர் சின்னி கிருஷ்ணன் யோசித்தது, அவர் குடும்பம் வெல்வெட் என்று விற்றது, மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் தனியாக வந்து சிக் என்று ஊர் ஊராகக் கொண்டுபோனது. பாட்டில் வாங்க வக்கில்லாத வீட்டுக்கும் ஷாம்பூ போய்ச் சேர்ந்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. "அதே மாதிரி செய்தியையும் பாக்கெட் போடு" என்கிறார்கள். எம்பிஏ படித்தவர்கள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பிரகாசம் வரும்.

பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கிழிப்பதற்கு முன்பே தெரியும். நேற்று வாங்கியதும் இன்று வாங்குவதும் ஒரே சரக்கு. அடுத்த வாரம் தலை மறுபடி அழுக்காகும், மறுபடி வாங்கியே தீரவேண்டும். கட்டுரையில் இதில் எது பொருந்துகிறது? உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தால்தான் தெரியும். படித்துவிட்டால் அப்புறம் எதற்குக் காசு? தகவல் என்ற சரக்குக்கே இந்தச் சிக்கல் உண்டு என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962லேயே எழுதிவிட்டார். பிளென்டில் காசைத் திருப்பிக் கொடுத்ததே இதற்கு வைத்தியமாகத்தான். அதில் என்ன தெரிய வந்தது? கிசுகிசு இதழ்களின் கட்டுரைகளுக்குத்தான் வாசகர்கள் அதிகமாகக் காசைத் திருப்பிக் கேட்டார்கள் என்று க்ளோப்பிங்கே எழுதினார். தலைப்பைப் பார்த்து ஆவலோடு பாய்வது, உள்ளே ஒன்றுமில்லை என்றதும் காசைக் கேட்பது. நம்மூர் இணையதளங்கள் 'அதிர்ச்சியில் ரசிகர்கள்' என்று தலைப்பு வைக்கின்றனவே, அதற்கெல்லாம் காசைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தால் ஒரே நாளில் திவால்.

இன்னொன்றையும் ஷாம்பூ ஆதரவாளர்கள் மறந்துவிடுகிறார்கள். வார இதழ் அட்டையில் ஷாம்பூ பாக்கெட் இலவசமாக ஒட்டி வந்த காலம் ஒன்று உண்டு. பாக்கெட்டை விற்க முழுப் பத்திரிகை தேவைப்பட்டது.

அடுத்த சாட்சி, பாட்டு. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து ஒரு பாட்டை 99 சென்டுக்கு விற்றது. முழு ஆல்பம் வாங்க வேண்டியதில்லை, பிடித்த பாட்டை மட்டும் வாங்கு. அதைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் வால்டர் ஐசக்சன். 2009 பிப்ரவரியில் டைம் இதழின் அட்டைப்படக் கட்டுரையில், பத்திரிகைகள் பிழைக்க வேண்டுமானால் சில்லறைக் காசுக்குக் கட்டுரை விற்க வேண்டும் என்று எழுதினார். பின்னாளில் ஸ்டீவ் ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் அவர்தான். நல்லது. ஒரு பாட்டை நூறு தரம் கேட்கலாம். நேற்றைய மின்தடை அறிவிப்பை யார் நூறு தரம் படிப்பார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பாட்டுக் கடையே என்ன ஆனது? 2015ல் ஆப்பிளே மாதச் சந்தாவுக்கு எல்லாப் பாட்டும் என்று ஆப்பிள் மியூசிக்கைக் கொண்டுவந்தது. இன்று 99 சென்ட் கொடுத்துப் பாட்டு வாங்கும் ஒருவரை உங்கள் சுற்றத்தில் காட்டுங்கள் பார்ப்போம். சில்லறை வியாபாரத்துக்கு உதாரணம் சொன்ன கடையே மொத்த வியாபாரத்துக்கு மாறி வருஷக்கணக்காகிறது. உதாரணம் சொன்னவர்கள்தான் இன்னும் மாறவில்லை.

"அதெல்லாம் கார்டு காலம் சார், இப்ப யூபிஐ வந்தாச்சு" என்பார்கள். வந்ததை நானும் பார்த்தேன். 2016ல் வந்தது, சில்லறைத் தொகைக்கென்றே யூபிஐ லைட் 2022ல் வந்தது, பின் நம்பர்கூட வேண்டாம். பூக்காரம்மா கூடையில் க்யூஆர் கோடு தொங்குகிறது. அதற்கும் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்? காசைத் தூக்கிக் கொடுக்கும் கஷ்டம் ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் கஷ்டம்தான் தடை. கணினி அறிஞர் நிக் சாபோ 1999லும் இணையம் பற்றி எழுதும் க்ளே ஷர்கி 2000லும் இதைத்தான் எழுதினார்கள்: தொகை எவ்வளவு சின்னதாக ஆனாலும், இது அந்தக் காசுக்குப் பெறுமா என்று மனசு போடும் கணக்கு சின்னதாவதில்லை. காலையில் காபியோடு இருபது செய்தி பார்க்கிற மனிதர் இருபது தரம் அந்தக் கணக்கைப் போட வேண்டும். மூன்றாவது செய்தியிலேயே சலித்துப்போய் இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு ஓடிவிடுவார். அங்கே யாராவது சிவப்பு வட்டம் போட்ட தம்ப்நெயிலோடு காத்திருப்பார்கள்.

இணையத்தை வடிவமைத்தவர்களும் இந்த ஆசையில் விழுந்தவர்கள்தான். பக்கம் காணவில்லை என்றால் 404 என்று வருகிறதல்லவா, அதே பட்டியலில் 402 என்று ஒரு எண் இருக்கிறது. பொருள்: பணம் கட்ட வேண்டும். எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்று 1990களிலேயே ஒதுக்கி வைத்தார்கள். 404-ஐப் பார்க்காத ஆள் கிடையாது. 402-ஐ யார் பார்த்திருக்கிறீர்கள்? இப்போது அதைத் தூசு தட்டி எடுத்திருக்கிறார்கள். 2025 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், தளங்களை மேய வரும் ஏஐ ரோபோக்களிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்க ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. அதற்குத்தான் இந்த எண். கால் நூற்றாண்டு காத்திருந்து கடைசியில் மனிதர்களை விட்டுவிட்டு ரோபோவிடம் கை நீட்டுகிறார்கள். ரோபோ யோசிக்காது, "போன மாசம் கொடுத்தேனே" என்று சொல்லாது, ஸ்கிரீன்ஷாட்டும் கேட்காது.

ஒரு வாதத்துக்கு வைத்துக்கொள்வோம். ரெண்டு ரூபாய் வாசகர் திடீரென்று அவதாரம் எடுத்து வந்துவிட்டார். லட்சக்கணக்கில் வந்துவிட்டார். அப்போது என்ன விற்கும்? தங்கம் விலை விற்கும். நடிகர் விவாகரத்து விற்கும். குருப்பெயர்ச்சிப் பலன் பன்னிரண்டு ராசிக்கும் தனித்தனியாக விற்கும், அதில் அமோக வசூல். சரி, நகராட்சிக் கூட்டச் செய்தியை யார் வாங்குவார்கள்?

அந்தக் கூட்டத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதினோரு மணிக்கு என்று அழைப்பு, பன்னிரண்டு தாண்டித்தான் தலைவர் வருவார். ஓரமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் நிருபர். காகிதத் தட்டில் மிக்சர், ஒரு லட்டு, பேப்பர் கப்பில் டீ. மடியில் அஜெண்டா நகல், அறுபதுக்கு மேல் பொருள். ஒவ்வொன்றும் 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்' என்று முடியும். இரண்டு உறுப்பினர்கள் குடிதண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். டிவி கேமரா அதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். கூச்சலுக்கு நடுவில் யாரோ 'ஆல் பாஸ்' என்பார், மேஜை தட்டுவார்கள், முடிந்தது. பொருள் எண் 41, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறையின் குத்தகையை அதே ஆளுக்கு அதே தொகைக்கு மூன்றாண்டு நீட்டிப்பது. அதில் என்ன நடந்தது என்று கேட்க, கூட்டம் முடிந்த பிறகும் ஆணையர் அறை வாசலில் ஒருவர் நிற்கிறார் பாருங்கள், அவர்தான் பத்திரிகை.

அவருக்கு மாதம் 25,000 சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்கு ரெண்டு ரூபாய் என்றால், அவர் சம்பளத்துக்கு மட்டும் மாதம் 12,500 தரம் யாராவது காசு கொடுக்க வேண்டும். பிழை திருத்துபவர், ஆசிரியர், அலுவலக வாடகை, வழக்கு வந்தால் வக்கீல் எல்லாம் தனி. கழிப்பறைக் குத்தகைக்கு எத்தனை பேர் ஜிபே பண்ணுவீர்கள்? கையைத் தூக்குங்கள். பேருந்து நிலையத்தில் ஐந்து ரூபாய் கேட்டு அடாவடி செய்யும்போது மட்டும், "இதையெல்லாம் எந்தப் பேப்பர்காரன் சார் எழுதறான்?"

சில்லறைக் கணக்கு நம் பத்திரிகைத் தொழிலில் புதிதும் இல்லை. தாலுகா தோறும் பகுதிநேர நிருபர்கள் இருக்கிறார்கள். பலருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. கூடவே தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். விளைவு என்ன? எது அச்சாகும் என்று நிச்சயமாகத் தெரியுமோ அதைத்தான் அவர் அனுப்புவார்: விபத்து, கோயில் திருவிழா, அமைச்சர் ஆய்வு. மூன்று வாரம் அலைந்தும் கடைசியில் ஒன்றும் தேறாமல் போகக்கூடிய ஒரு விஷயத்தின் பின்னால் அவர் ஏன் போக வேண்டும், பெட்ரோல் யார் போடுவார்கள்? வாழ்த்து விளம்பரம் கொடுத்த ஒன்றியச் செயலாளரின் மணல் லாரியைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்? துண்டுக்குக் காசு என்றால் எழுதுபவர் என்ன ஆவார் என்பதற்கு தாலுகா தோறும் சாட்சி இருக்கிறது. இதே வியாதியைத்தான் வாசகர் பக்கமும் பரப்பச் சொல்கிறார்கள்.

முழுப் பேப்பர் விற்றபோது நடந்தது வேறு. பி. சாய்நாத் 1990களின் தொடக்கத்தில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் நல்கையில் நாட்டின் மிக வறிய மாவட்டங்களில் அலைந்து எழுதினார். நம் பக்கத்தில் ராமநாதபுரம், புதுக்கோட்டை. அந்தக் கட்டுரைகள்தான் 1996ல் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' என்ற நூலாயின. ராமநாதபுரத்து மிளகாய் விவசாயியைத் தரகர் எப்படி அமுக்குகிறார் என்று அதில் இருக்கிறது. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதை இருக்கிறது. மும்பையில் பங்கு விலை பார்க்கப் பேப்பர் வாங்கியவரிடம், "புதுக்கோட்டையில் சைக்கிள், எட்டணா, வாங்குகிறீர்களா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? புதுக்கோட்டை எந்த மாநிலம் என்று கேட்டிருப்பார். அவர் கேட்காமலேதான் அது அவர் வீட்டுக்குப் போயிற்று. அவர் பங்கு விலைக்குக் கொடுத்த காசும், அவருக்குத் துணி விற்க விளம்பரம் கொடுத்தவரின் காசும்தான் சாய்நாத்தை ராமநாதபுரத்துக்கு பஸ் ஏற்றிவிட்டது.

தமிழில் இந்த ரகசியம் தெரியாத பத்திரிகை முதலாளியே கிடையாது. தினத்தந்தியில் கன்னித்தீவு 1960லிருந்து வருகிறது; சிந்துபாத் ஊர் போய்ச் சேர்ந்தபாடில்லை. அதற்காகப் பேப்பரைத் திருப்பிய குழந்தைகள் எத்தனை லட்சம், அப்படியே எழுத்துக் கூட்டிக் கொலை வழக்கையும் கோர்ட் தீர்ப்பையும் படித்தவர்கள் எத்தனை லட்சம். கோர்ட் நிருபரின் சம்பளத்தில் சிந்துபாத்துக்குப் பங்குண்டு. இதையே இப்போது நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்த மாதிரி செய்கிறது. பிளென்டிலில் பணம் போட்ட அதே நியூயார்க் டைம்ஸ்தான். தன் வீட்டுக்குள் என்ன செய்தது? 2022 ஜனவரியில் வேர்டில் விளையாட்டை வாங்கியது, அதே மாதம் தி அத்லெடிக் என்ற விளையாட்டுச் செய்தித் தளத்தை 55 கோடி டாலருக்குப் பேசி முடித்தது, சமையல் குறிப்பு, குறுக்கெழுத்து எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டியது. 2023 முடிவில் சந்தாதாரர்கள் ஒரு கோடிக்கு மேல். ஐந்தெழுத்து வார்த்தை கண்டுபிடிக்க வந்தவரின் காசில் போர்முனைக்கு நிருபர் போகிறார். துண்டாக விற்ற பிளென்டிலின் சில்லறைக் கடையில் போட்ட பணம் என்ன ஆனது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

விலை இல்லாத செய்திக்கு என்ன பெறுமதி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்ட நாள். கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள், நான்கு பேரும் அந்த வளாகத்திலேயே தீயில் எரிந்தார்கள். நாலு பேரும் பிழைக்கவில்லை. அந்தக் குடும்பம் அதற்கு முன்பே பலமுறை அதே இடத்தில் மனு கொடுத்திருந்தது. அன்றைக்குத் தீயின் படத்தை நாடே பார்த்தது. கட்டுரைக்குக் காசு என்றிருந்தால் அன்று ரெண்டு ரூபாய் என்ன, இருபது ரூபாயும் கொடுத்திருப்பீர்கள். ஆனால் அதற்கு முந்தைய திங்கட்கிழமைகளில் அவர்கள் கையில் வைத்திருந்த மனுவுக்கு என்ன விலை? 'கந்துவட்டி: தொழிலாளி மனு' என்று ஐந்து வரிச் செய்தி. அதை யாரும் காசு கொடுத்துத் திறக்கமாட்டார்கள். யாரும் திறக்கமாட்டார்கள் என்று தெரிந்தால் யாரும் எழுதவும் மாட்டார்கள். ரெண்டு ரூபாய் வாசகரின் ராஜ்யத்தில் தீக்கு விலை உண்டு, மனுவுக்கு விலை கிடையாது. மனுவைப் படிக்க வாரா வாரம் ஒரு ஆளை ஆட்சியர் அலுவலகத்தில் உட்காரவைப்பது முழுப் பேப்பருக்குக் கட்டிய காசு மட்டும்தான்.

பத்திரிகை முதலாளிகளுக்காக நான் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வாசகரை இப்படிக் கெடுத்தவர்களே அவர்கள்தான். 1990களில் ஒருவரை ஒருவர் விழுங்குவதற்காகப் பேப்பர் விலையை வெட்டினார்கள். அச்சடித்த காகிதத்தின் விலைகூடத் தேறாத தொகைக்குச் செய்தியைக் கொடுத்துப் பழக்கினார்கள். 1995ல் இந்து நாளிதழ் இணையத்துக்கு வந்தது. பின்னாலேயே எல்லோரும் வந்து, எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் இலவசமாகக் கொட்டினார்கள். கேட்டால் விளம்பரம் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போனபிறகு திடீரென்று வாசகரின் கடமை ஞாபகம் வந்துவிட்டது. பண்டிகைக் காலத்தில் முதல் பக்கத்தைத் தேடுவதற்கு நாலு பக்க நகைக்கடை விளம்பரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சந்தா கட்டுவதற்கு ஒரே பட்டன். நிறுத்துவதற்கு மட்டும் வாடிக்கையாளர் சேவைக்கு அலுவலக நேரத்தில் போன் செய்ய வேண்டும். ஒரு பத்திரிகையின் செயலியில் சந்தாவை நிறுத்த நான் பட்ட பாட்டில், எதற்காக நிறுத்த நினைத்தேன் என்பதே மறந்துபோய் மறுபடி ஒரு மாதக் காசு போனது. இப்படி நடத்தினால் வாசகர் ரெண்டு ரூபாய்க் கனவு காணாமல் என்ன செய்வார்?

அதற்காக வாசகரை விட்டுவிட முடியுமா? விடியற்காலை ஐந்தரைக்குள் அத்தனை நாளிதழ்களின் பிடிஎஃப்பும் டெலிகிராமில் வந்துவிடுகிறது. தைனிக் ஜாக்ரண் என்ற இந்தி நாளிதழ் தொடுத்த வழக்கில் 2020 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட சேனல்களை முடக்கச் சொன்னது. ஒன்று போனால் ஒன்பது முளைக்கிறது. அதை அனுப்புபவர்கள் பரம ஏழைகள் கிடையாது. பேரனின் ஆங்கிலப் பள்ளிக்கு லட்சத்தில் கட்டணம் கட்டுபவர்கள். கிரிக்கெட்டுக்கு ஒரு சந்தா, சீரியலுக்கு ஒரு சந்தா, சாப்பாடு சீக்கிரம் வருவதற்கு ஒரு சந்தா. அங்கெல்லாம் யாரும் "எனக்கு தோனி ஆடும் ஓவர் மட்டும் போதும், அதற்கு ரெண்டு ரூபாய் வாங்கிக்கொள்" என்று பேரம் பேசுவதில்லை. செய்தி என்று வந்தால் மட்டும் எல்லோருக்கும் கொள்கை வந்துவிடுகிறது. "அவன் ஒரு கட்சி சார்பு சார், அவனுக்கு எதுக்கு வருஷ சந்தா?" சரி, கட்சி சாராத பத்திரிகை என்று நீங்கள் எதற்குக் காசு கட்டினீர்கள், சொல்லுங்கள். பதில் வராது. அடுத்த ஸ்கிரீன்ஷாட்தான் வரும்.

சந்தா கட்ட மனமில்லை என்றால் மனமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். வசதியில்லை என்றால் வெட்கமே வேண்டாம். நூலகத்தில் படிக்கலாம், டீக்கடையில் படிக்கலாம், காலங்காலமாக அப்படித்தான் பாதித் தமிழ்நாடு பேப்பர் படித்தது. 'துண்டாக விற்றால் வாங்குவேன்' என்ற வீர வசனத்தைத்தான் விட்டுவிடுங்கள். துண்டாக விற்றார்கள். இனாம் கொடுத்து விற்றார்கள், பிடிக்காவிட்டால் காசைத் திருப்பிக் கொடுத்து விற்றார்கள். ஐந்து வருஷம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு பிளென்டில்காரரே எழுந்து போய்விட்டார்.

உண்மையிலேயே காசு கொடுக்க நினைப்பவருக்கு வழி மிகச் சுலபம். எந்தக் கட்டுரை வேண்டும் என்று பார்க்காதீர்கள். உங்கள் நகராட்சிக் கூட்டத்துக்கு, உங்கள் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக்கு எந்தப் பத்திரிகை ஆள் அனுப்புகிறது, அந்த ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி ஒன்று இருந்தால், அச்சோ இணையமோ, முழுசாக ஒரு வருஷத்துக்குக் கட்டுங்கள். முக்கால்வாசிப் பக்கம் உங்களுக்குப் பிடிக்காது. அந்த முக்கால்வாசிக்கும் சேர்த்துத்தான் காசு.